ஏனாம் எவ்வளவு தூரம்?

புதுச்சேரி சட்டப்பேரவைக்கு மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர்கள் 30 பேர். அவர்களில் 23 பேர் புதுச்சேரிப் பகுதிக்காரர்கள். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினாலும் மணி அடிப்பதற்குள் அவைக்கு வந்துவிடலாம். ஐந்து பேர் காரைக்காலிலிருந்து வருகிறார்கள். கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று தமிழ்நாட்டின் ஊர்களைத் தாண்டி 130 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மாகே உறுப்பினர் ஒருவர். அவருக்கு வழி 600 கிலோமீட்டருக்கு மேல், கேரளக் கரையிலிருந்து. ஏனாம் உறுப்பினர் ஒருவர். ஆந்திரத்தின் கோதாவரிக் கரையிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக்கூட அவ்வளவு தூரம் இல்லை.

இந்த நான்கு ஊரும் ஒரே அரசு. ஒரே மக்களவைத் தொகுதியும்கூட. நாட்டின் இரண்டு கடற்கரைகளிலும் வாக்காளர்கள் உள்ள தொகுதி. ஆனால் கடிதம் எழுதினால் ஏனாமின் அஞ்சல் குறியீடு 533464, ஆந்திரத்து எண். மாகேயின் குறியீடு 673310, கேரளத்து எண். தொலைபேசிக்கு ஏனாம் காக்கிநாடாவோடு 0884-ஐப் பகிர்ந்துகொள்கிறது, மாகே தலச்சேரியோடு 0490-ஐ. வண்டிகளின் நம்பர் பலகையில் மட்டும் உறவு தெரியும்: பிஒய் 01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாகே, 04 ஏனாம். புதுச்சேரித் தெருவில் பிஒய் 04 என்று தொடங்கும் எண்ணோடு கார் நின்றால் நான் ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன். அவ்வளவு தூரம் ஓடி வந்த வண்டி அது.

இந்தத் தூரத்தை வரைந்தவர்கள் கடலில் வந்தவர்கள். பிரெஞ்சு கும்பெனி 1670களில் புதுச்சேரியில் கால் ஊன்றியது. 1720களில் மாகே, 1731-ல் ஏனாம், 1739-ல் காரைக்கால். ஒவ்வோர் ஊரையும் அவர்கள் தேர்ந்தெடுத்தது கப்பலின் தளத்தில் நின்றுகொண்டு. மிளகுக்கு மாகே, துணிக்கு கோதாவரிக் கழிமுகம், நெல்லுக்குக் காவிரிக் கழிமுகம். கரையில் நின்று பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு துண்டுகள். கடலிலிருந்து பார்த்தால் ஒரே வழியில் வரும் நான்கு துறைகள். நிலத்தில் இடையே எந்த நவாபின் ஆட்சி, எந்தப் படையின் சண்டை என்பதெல்லாம் கப்பலைத் தடுக்காது.

அன்று தூரத்தை அளந்தது காற்று. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் காற்றும் நீரோட்டமும் வடக்கே இழுக்கும். அப்போது புதுச்சேரியிலிருந்து ஏனாமுக்குப் பாய் விரித்தால் கடலே கொண்டுபோய்ச் சேர்க்கும். திரும்பி வருவதுதான் பாடு. அக்டோபருக்குப் பிறகு நீரோட்டம் தெற்கே திரும்பும். ஆனால் அதுதான் புயல் காலம். புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டியதுதான். 1746 அக்டோபரில் சென்னைக்கு அப்பால் நின்ற பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல் படையைப் புயல் சிதைத்தது. 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயர் கப்பல்களுக்கும் அதே கதி. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் பெரிய கப்பல்கள் இந்தக் கரையை விட்டு விலகிவிடும். அந்த மாதங்களில் ஏனாம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், போக முடியாத தூரம் என்பதே பதில்.

மாகே இன்னும் கடினம். பாக் நீரிணையின் ஆழம் பெரிய கப்பல்களுக்குப் போதாது. இலங்கையை முழுதாகச் சுற்றிக்கொண்டுதான் மேற்குக் கரைக்குப் போக முடியும். இத்தனைக்கும் புதுச்சேரியும் மாகேயும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. புதுச்சேரியிலிருந்து நேர் மேற்கே கோடு இழுத்தால் மாகேக்குச் சற்று வடக்கே கரையைத் தொடும். நேர் தூரம் 470 கிலோமீட்டர்தான். அந்தக் கோட்டின் குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அவசரக் கடிதங்கள் நிலவழியில் ஆள் மூலமாக வந்தன. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதி வைத்த நாட்குறிப்பைப் படித்தால், புதுச்சேரியின் வாழ்வு எந்த அளவுக்குக் காத்திருப்பாலேயே ஆனது என்பது விளங்கும். கப்பல் தெரிகிறதா, கொடி என்ன, கடிதம் வந்ததா. துய்ப்ளேக்ஸ் போன்ற கவர்னர்கள் ஆண்டதாக நாம் படிக்கும் தொலைதூர ஊர்களில், நேற்று என்ன நடந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. வாரக்கணக்கில் பழைய செய்தியை வைத்துக்கொண்டு ஆண்டார்கள்.

கப்பல் வந்து நின்றபிறகும் பயணம் முடியாது. அலை உடையும் கரைக்குப் பெரிய கப்பல் வர முடியாதாகையால், ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகையைத் தைத்த மசூலாப் படகுகளில் ஆளும் சரக்கும் இறங்க வேண்டும். அந்தப் படகை அலையின் மேல் ஏற்றி இறக்கத் தெரிந்தவர்கள் நம் மீனவர்கள். கவர்னரானாலும் அவர்கள் கையை நம்பித்தான் மண்ணை மிதித்தார். 1866-ல் இரும்புத் தூண்களின்மேல் ஒரு பாலம் கடலுக்குள் நீண்டது. 1952-ல் வந்த புயல் அதை உடைத்தது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில், கடல் வாங்கும் நேரத்தில் எட்டிப் பார்க்கும் துருப்பிடித்த தூண்கள் அந்தப் பாலத்தின் மிச்சம். சுற்றுலா வருகிறவர்கள் அவற்றைப் பின்னணியாக வைத்துப் படம் எடுக்கிறார்கள். ஏனாமுக்கும் காரைக்காலுக்கும் சைகோனுக்கும் மர்சேய்க்கும் போனவர்கள் கால் வைத்த இடம் அது என்று ஒரு பலகையாவது அங்கே இருக்க வேண்டும்.

நீராவி வந்ததும் காற்றின் பிடி தளர்ந்தது. 1910 ஏப்ரல் 1-ஆம் தேதி கல்கத்தாவில் ‘துய்ப்ளேக்ஸ்’ என்ற கப்பலில் ஏறிய ஸ்ரீ அரவிந்தர் 4-ஆம் தேதி புதுச்சேரியில் இறங்கினார். வழியில் பாதிக்கு மேல் கடந்ததும் வருவது கோதாவரி முகத்துவாரம், ஏனாமின் கடல். ஆனால் அதற்குள் ஏனாமின் துறைக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. பக்கத்திலிருந்த கோரிங்கா 1839 நவம்பர்ப் புயலில் அழிந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் கரையைத் தூர்த்தது. கடலோர ஊராகப் பிறந்த ஏனாம் மெல்ல ஆற்றங்கரை ஊராக மாறியது. புதுச்சேரிக்கு இருந்த ஒரே நேர்வழி அதன் காலடியில் மூடிக்கொண்டது.

பிறகு ரயில். 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பாதை வந்தது. 38 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். காரைக்காலுக்குப் பேரளத்திலிருந்து 1898-ல். கோதாவரியின் குறுக்கே ராஜமுந்திரியில் பாலம் 1900-ல். மாகே வழியாகக் கண்ணூர் போகும் பாதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இருபது முப்பது ஆண்டுகளுக்குள் நான்கு பிரெஞ்சு ஊர்களும் ஒன்றுக்கொன்று பல மடங்கு கிட்டே வந்துவிட்டன. ஆனால் எல்லாமே ஆங்கிலேயரின் தண்டவாளம். புதுச்சேரிக்காரர் தம் இன்னோர் ஊருக்குப் போக அயல் ஆட்சியின் மண்ணில் நாள்கணக்கில் போக வேண்டும். ஏனாம் என்றால் விழுப்புரத்தில் மாறி எழும்பூர், அங்கிருந்து மூட்டையோடு சென்ட்ரல், அகலப்பாதை வண்டியில் இரவு முழுக்கப் பயணம், பிறகு காக்கிநாடாவிலிருந்து சாலை. எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் சிறிய தூரத்தைத்தான் பழைய ஆள்கள் அதிகம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தூரத்தோடு சுங்கமும் சேர்ந்தது. 1941-ல் பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே சுங்க ஒன்றியம் ஏற்பட்டது. 1949-ல் அது முடிவுக்கு வந்தது. அதன்பின் ஒவ்வோர் ஊரைச் சுற்றியும் சோதனைச் சாவடி. புதுச்சேரிப் பகுதியே ஒரே நிலப்பரப்பு அல்ல, பல துண்டுகள். பாகூருக்கோ நெட்டப்பாக்கத்துக்கோ போகவும் இந்தியாவைக் கடந்தாக வேண்டும். விடுதலையும் நான்கு ஊருக்கும் ஒரே நாளில் வரவில்லை. ஏனாம் 1954 ஜூன் 13, மாகே ஜூலை 16, புதுச்சேரியும் காரைக்காலும் நவம்பர் 1. தொலைவில் இருந்த இரண்டு சிறிய ஊர்கள் தலைநகருக்குக் காத்திருக்காமல் முந்திக்கொண்டன. அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16. அடுத்த ஆண்டு ஜூலையில் நான்கும் சேர்ந்து ஒன்றியப் பிரதேசமாயின. பக்கத்து மாநிலங்களோடு கரைத்துவிடாமல் நான்கையும் ஒன்றாக வைத்திருக்க எடுத்த முடிவு அது. அந்த முடிவை நான் சரியென்றே நினைக்கிறேன். இந்த மண்ணுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. தெலுங்கும் மலையாளமும் பேசும் இரண்டு ஊர்கள் அதில் பங்காளிகள். ஆனால் ஒன்றாக வைத்திருப்பதற்கு ஒரு கடமையும் உண்டு. கப்பல் போன பிறகு அந்த ஊர்களைச் சேர்க்கும் வழியை அரசுதான் போட்டிருக்க வேண்டும்.

போட்டதா? காரைக்காலைப் பொறுத்தவரை பாதி. பேரளம் பாதை 1980களில் மூடப்பட்டது. 2011-ல் நாகூர் வழியாக அகலப்பாதை வந்தது. பேரளம் தடத்திலும் அண்மையில் மீண்டும் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். ஆனால் புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இன்றும் பஸ்ஸில்தான் போகிறார்கள். பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று பாலம் பாலமாகத் தாண்டிப் போகும் பயணம். சாலை அகலமாகிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் கடலூரில் வெள்ளம் என்றால் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே அரசே அறுந்துபோன மாதிரி.

மாகேக்கு பி.ஆர்.டி.சி. பஸ் உண்டு, கோவை, பாலக்காடு, கோழிக்கோடு வழியாக ஓர் இரவு. மங்களூர் எக்ஸ்பிரஸ் வாரத்தில் எல்லா நாளும் ஓடுவதில்லை. மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் மாகே. அந்த ரயில் நிலையமே கேரளத்தின் அழியூரில் இருக்கிறது. 2024 மார்ச்சில் தலச்சேரி–மாகே புறவழிச் சாலை திறந்தார்கள், 18.6 கிலோமீட்டர், 1970களிலிருந்து பேசப்பட்டது. அந்த ஊர்களின் நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சிக்கி நின்ற வண்டிகள் இப்போது கால் மணி நேரத்தில் தாண்டிப் போகின்றன.

ஏனாமுக்கு 2002-ல் ஒரு பெரிய மாற்றம். அதுவரை கடலோரமாக அமலாபுரம் வழியே வருகிறவர்கள் எதுருலங்காவில் இறங்கி, கௌதமி கோதாவரியைப் படகில்தான் கடக்க வேண்டும். மழை நாளில் அந்த ஆறு கடலைப் போல விரியும். மக்களவைத் தலைவராக இருந்த பாலயோகியின் பெயரில் பாலம் வந்ததும் அந்தக் காத்திருப்பு முடிந்தது. காக்கிநாடாவிலிருந்து ஓடும் சர்கார் எக்ஸ்பிரஸைச் செங்கல்பட்டோடு நிறுத்தாமல் புதுச்சேரி வரை நீட்டித்ததும் அதே அளவுக்குப் பெரிய உதவி. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் மாற வேண்டியதில்லை. ஏறின பெட்டியிலேயே இறங்கலாம். ஏனாம்காரர்களுக்கு இந்த நூறாண்டில் கிடைத்த நல்ல விஷயம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி வானம். புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்தின் வரலாறு, வந்ததும் நின்றதுமாக இருக்கிறது. 1980களின் இறுதியில் வாயுதூத்தின் சிறு விமானங்கள் கொஞ்ச காலம் வந்தன. புதிய முனையம் 2013 ஜனவரியில் திறந்தது. அந்த மாதமே ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்குப் பறந்தது, அடுத்த ஆண்டே நின்றது. 2015-ல் ஏர் இந்தியாவின் பிராந்தியச் சேவை வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஐதராபாத்துக்கு ஸ்பைஸ்ஜெட்; கொரோனாவில் நின்று, 2022 மார்ச்சில் திரும்பி, 2024 மார்ச்சோடு முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 20-லிருந்து இண்டிகோவின் ஏடிஆர் விமானங்கள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும். பெங்களூர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஐதராபாத் இரண்டு மணி நேரத்துக்குள்.

ஹெலிபேட் மைதானத்தில் மாலை நடைக்கு வருகிறவர்களுக்கு இந்த விமானங்கள் பழகிவிட்டன. லாஸ்பேட்டையில் கல்லூரிகள் நிறைய. வெளிப் பகுதி மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள். மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் மூலம் இடம் ஒதுக்கும்போது காரைக்கால், மாகே, ஏனாம் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அப்படிக் காலாப்பட்டில் படிக்கும் ஏனாம் மாணவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சங்கராந்திக்கு ஒரு முறை, கோடை விடுமுறைக்கு ஒரு முறைதான் ஊருக்குப் போகிறார். இடையில் நல்லது கெட்டது என்றால்? “ஃபோன்லதான் சார்” என்றார். அவருடைய பாட்டி இறந்தபோது அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ரயிலில் இடம் கிடைக்கவில்லை. சென்னைக்கு பஸ், அங்கிருந்து கிடைத்த வண்டியில் நின்றுகொண்டே விஜயவாடா, பிறகு ஒன்று, பிறகு ஒன்று.

இதே தூரத்தை எதிர்ப்பக்கமிருந்து கடப்பவர்கள் நோயாளிகள். கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையில் விடியற்காலையில் ஓ.பி. வரிசையைப் பார்த்தால் மூன்று மொழியும் காதில் விழும். காரைக்காலில் 2016-லிருந்து ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஏனாமில் 2024-ல் ஜிப்மரின் பல்துறை ஆலோசனைப் பிரிவு திறந்தது. மருத்துவரை ஊருக்கு அனுப்புவதே தூரத்தைக் குறைக்கும் மிக நல்ல வழி. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனாலும் பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் கோரிமேடுதான் வர வேண்டியிருக்கிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு அதே நாள் ரயிலில் உட்கார்ந்து இரவு முழுக்கப் போகும் உடம்பை நினைத்துப் பாருங்கள்.

அரசு ஊழியர்களின் கதை வேறு. புதுச்சேரி அலுவலகங்களில் ‘மாகேக்குத் தூக்கிடுவாங்க’, ‘ஏனாம் போட்டுடுவாங்க’ என்ற பேச்சு இன்றும் உண்டு. இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நம்முடைய அரசின் ஓர் ஊரையே தண்டனை இடமாக நாம் பேசுகிறோம். ஏனாமில் பிறந்து வளர்ந்தவர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்? போக்குவரத்து மோசமாக இருப்பதால் வந்த பேச்சு இது. நல்ல வழி இருந்தால், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துபோக முடிந்தால், அங்கே வேலை பார்ப்பதில் யாருக்கும் அச்சம் இருக்காது. பயந்துகொண்டே போகிற ஆசிரியரும் மருத்துவரும் அங்கே மனம் வைத்து வேலை செய்வது கடினம். பாதிக்கப்படுவது அந்த ஊர்ப் பிள்ளைகள்.

விமான நிலையத்தைப் பற்றிப் புதுச்சேரியில் பேச்சு எழும்போதெல்லாம் அது ஓடுதளத்தின் நீளத்தில் போய் நிற்கிறது. இப்போதைய ஓடுதளம் 1,500 மீட்டர். ஏர்பஸ் போன்ற பெரிய ஜெட் இறங்க அது போதாது. நீட்டிக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்து நிலம் தேவை. அந்தப் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. காரைக்காலில் தனி விமான நிலையத்துக்கு மத்திய அரசு கொள்கை அளவில் அனுமதி கொடுத்தும் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்னும் ஒரு விமானமும் அங்கே இறங்கவில்லை. நீட்டிப்புக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் சுற்றுலா. வார இறுதியில் வருகிறவர்கள் வரட்டும், ஊருக்கு வருமானம்தான். ஆனால் இந்தப் பேச்சில் மாகேயும் ஏனாமும் வருவதே இல்லை. அவற்றுக்குப் பெரிய ஜெட்டே வேண்டியதில்லை.

கணக்கைப் பாருங்கள். லாஸ்பேட்டையிலிருந்து ஐதராபாத் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர். ராஜமுந்திரி விமான நிலையமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே இறங்கினால் ஏனாம் சாலையில் 70 கிலோமீட்டர் அளவுதான். இன்று ஏனாம்காரர் வானில் போக நினைத்தால் முதலில் ஐதராபாத் போய், காத்திருந்து, வேறு விமானம் ஏறி ராஜமுந்திரிக்குத் திரும்ப வேண்டும். இணைப்பு நன்றாக அமைந்தாலே அரை நாள், இரண்டு டிக்கெட். நேரே பறந்தால் ஐதராபாத்துக்கு ஆகும் நேரம்தான் ஆகும். மேற்கே இன்னும் எளிது. 2018 டிசம்பரில் திறந்த கண்ணூர் விமான நிலையம் மட்டனூரில் இருக்கிறது; லாஸ்பேட்டையும் அதுவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளவை. நேர் மேற்கே 465 கிலோமீட்டர், ஏடிஆரில் ஒன்றேகால் மணி நேரம் போதும். பிரெஞ்சுக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போன மாகே அதன் அருகில்தான்.

தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் ராஜமுந்திரிக்கு, இரண்டு நாள் கண்ணூருக்கு. 78 இருக்கையும் நிரம்பாது என்று விமான நிறுவனம் சொல்லும். சொல்வதில் நியாயமும் இருக்கும். லாஸ்பேட்டையில் சேவைகள் நின்றுபோனதைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் நட்டத்தை அரசு ஈடுகட்டும் முறை உடான் திட்டத்தில் ஏற்கனவே இருக்கிறது. 2017-ல் ஐதராபாத் சேவை அப்படித்தான் வந்தது. சட்டப்பேரவைக்கு வரும் உறுப்பினர், கோப்பு கொண்டுவரும் அதிகாரி, இடமாற்றத்தில் போகும் ஆசிரியர் ஆகியோரின் பயணச் செலவை அரசு இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இந்த இருக்கைகளுக்கு மாற்றலாம். மீதி இருக்கைகளில் ஒரு பங்கை ஜிப்மர் சீட்டோடு வரும் நோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் ரயில் கட்டணத்தில் கொடுக்க வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு தலைப்பைச் சேர்க்கச் சொல்லி ஏனாம் உறுப்பினரும் மாகே உறுப்பினரும் மட்டும் கேட்டால் போதாது. எளிதாக அவைக்கு வந்துவிடுகிற அந்த 23 பேரும் எழுந்து கேட்க வேண்டும்.